கழுத்துக் குழாயில் கட்டிய சிவப்புத் துணி

நம் பெரியவன் மகன் கொழும்பில் இன்ஜினியராகிவிட்டான். சின்னவன் மகன் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பாடத்திலும் ‘ஏ’ எடுத்தான். தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவே வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார். அவன் அக்காள் தாதிப் படிப்பில் இரண்டாம் வருஷம். நம் லயத்தில் வெள்ளை உடுப்புப் போடப்போகிற முதல் பிள்ளை. இதையெல்லாம் உங்களிடம் பீற்றாமல் வேறு யாரிடம் பீற்றுவேன்?

நேற்று லீவில் வந்தவள், பழகிப் பார்க்கக் கொண்டுவந்த ஆஸ்பத்திரிக் குழாய்களைப் பாயில் பரப்பினாள். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாயி தாத்தாவை நினைத்து அழுகிறாள் என்று பிள்ளை பின்னாலேயே வந்தாள். நான் அழவில்லை. கோபம். நீங்கள் போய் மூன்று வருஷமாகியும் ஆறாத கோபம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எழுதத் தெரியும், எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டில் உங்களுக்கு மூன்று ஓஸ் குழாய் போட்டிருந்தார்கள். மூக்கில் சாப்பாட்டுக்கு ஒன்று, கழுத்தில் மருந்துக்கு ஒன்று, கையில் சேலைனுக்கு ஒன்று. மூன்றும் தலையணைப் பக்கம் பின்னிக் கிடந்தன. பார்த்ததும் எனக்கு நம் மலை ஞாபகம்தான் வந்தது. ஊற்றிலிருந்து லயத்துக்கு வருகிற கறுப்பு ஓஸ்கள் தேயிலைக்குள் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு நிறமாகத் துணி கிழித்து, ஊற்றடியில் ஒன்றும் வீட்டு முனையில் ஒன்றுமாகக் கட்டி வைப்போம். தண்ணீர் நின்றுபோனால் போய்ப் பார்ப்பது நீங்கள். துணியையும் நம்பமாட்டீர்கள். “கண்ணு ஏமாத்தும். கையால புடிச்சிக்கிட்டே மேல போ” என்பீர்கள். நான் ஒருநாள் அவசரத்தில் கண்ணை நம்பி எட்டாம் காம்பரா வீட்டுக்காரியின் ஓஸைக் கழற்றிவிட்டேன். மூன்று நாள் வாசலில் நின்று என் பரம்பரையையே ஏசினாளே.

என் பழைய சேலையைக் கிழித்தேன். கழுத்து ஓஸுக்குச் சிவப்பு, மூக்குக்கு மஞ்சள், கைக்குப் பச்சை. இரண்டு முனையிலும் கட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டே நீங்கள் சிரித்தீர்கள். “என்னடி, எனக்கும் காம்பரா நம்பர் போடுறியா?”

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் உங்கள் மணிக்கட்டில் கோயில் நூல் கட்டியிருந்தேன். கை வீங்கி நூல் இறுகியது. வார்டுத் தாதி மிஸ்ஸி அதை வெட்டி எடுத்து என்னை ஏசினாள். அந்த ஏச்சு நியாயம். ஆனால் அந்த ஒரு முடிச்சால் நான் கட்டியதெல்லாம் சாமி நூலாகிவிட்டது. மறுநாள் காலையில் அட்டெண்டன் வந்து மூன்று நிறத்தையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டான். “இது கோயில் இல்லம்மா. வேண்டுதலெல்லாம் வீட்டோட வச்சிக்கிங்க” என்றான். எதற்குக் கட்டினேன் என்று தமிழிலும் சொன்னேன், எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

அன்று மத்தியானமே நடந்தது. புதிதாக வேலைக்கு வந்த மிஸ்ஸி பால் நிறைத்த பெரிய ஊசிக்குழலோடு வந்தாள். தலையணையில் மூடி போட்ட இரண்டு வாய் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தாள். அது கழுத்து ஓஸ். பால் உங்கள் இரத்தத்துக்குள் போகப் பார்த்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“அது மூக்குக்குப் போறதில்ல. புடிச்சிக்கிட்டே போய்ப் பாரு.”

விரலால் ஓஸைத் தடவிக்கொண்டே போனாள். கழுத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. முகம் வெளுத்துப்போனது. மூடியைப் போட்டாள், சரியான வாயில் பாலைக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு பெரிய மிஸ்ஸி வந்தாள், என்னிடம் விசாரிக்க. வேலை செய்கிறவளின் கையை எப்படிப் பிடிக்கலாம் என்று கேட்டாள். இரண்டு நாள் என்னை வார்டுக்குள் விடக்கூடாது என்று வாசலில் சொல்லி வைத்தாள்.

அந்தப் பாலால் நீங்கள் போகவில்லை. நெஞ்சுச் சளிதான் கொண்டுபோனது; அதில் எனக்கு மயக்கமில்லை. ஒரு மிஸ்ஸிக்கு எத்தனை கட்டில் என்பதும் தெரியும். ஆள் குறைந்த நாளில் கொழுந்து நிரை என்ன கதியாகும் என்று பார்த்தவள் நான். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு மிச்சமிருந்தது ஒன்பது நாள். உங்கள் உயிரைக் காத்ததற்கு அதில் இரண்டு நாளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் வெளி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இப்போது எந்த வாயைத் திறக்கிறார்களோ என்று வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தர்றாங்க அப்பாயி. உடம்புலேருந்து புடிச்சிக்கிட்டே போய்ப் பாத்துட்டுதான் தொறக்கணும், ரெண்டு முனையிலயும் பேர் ஒட்டணும்” என்றாள். அதைக் கேட்டதும் ஆறவேண்டிய கோபம் ஏறிவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்றுதான் இத்தனை நாள் என் மனதுக்குச் சமாதானம் சொல்லி வந்தேன். எல்லாம் தெரிந்த விஷயமாம். லயத்துக்காரி கட்டினால் மட்டும் அது மூடநம்பிக்கையாம்.

துணிகளை அவிழ்த்த பிறகு, ஓஸ்கள் பின்னிக் கிடக்க நீங்கள் நடுவில் கிடந்ததைப் பெரியவன் போனில் படம் பிடித்திருக்கிறான். நான் தாங்கமாட்டேன் என்று இதுவரை காட்டவில்லை. தாங்குவேன். அதைக் காகிதத்தில் பெரிதாகக் கழுவி எனக்குத் தபாலில் போடச் சொல்லிவிட்டேன். பேத்தி அதைத் தன் வகுப்புக்குக் கொண்டுபோய், இதில் எது எங்கே போகிறது, கை வைத்துப் பார்க்காமல் சொல்லுங்கள் என்று கேட்கட்டும். படம் எடுத்தாலே உங்களுக்குப் பிடிக்காது, அதுவும் அந்தக் கோலத்தில். ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள். படம் வந்தே ஆகவேண்டும்.