டிக் அடித்த பேனா

செவ்வாய், இரவு

ஆஸ்பத்திரியில் யார் யார் கை கழுவுகிறார்கள் என்று பார்த்து டிக் அடிப்பது இந்த மாதம் என் வேலை. ஊர்வம்புக்காரிக்கு ஏற்ற பதவி. காலையில் சீழ்ப்புண் வார்டில் நோயாளியின் கட்டிலில் விழுந்த என் பேனாவை எடுத்துக்கொண்டு, நேரே பச்சைக்குழந்தைகள் வார்டுக்குப் போனேன். கை கழுவாத டாக்டருக்கே இன்ட்டு போட்ட கெத்தில், அங்கே பிரசவத்துக்கு வந்திருந்த புளியங்குடிக்காரியின் குழந்தையைக் கன்னத்தில் கிள்ளினேன்.

“எக்கா, எல்லார் கையையும் பாக்குதிய. ஒங்க கைய யாரு பாப்பா?” என்றாள் நர்ஸ் செல்வி.

“ஏட்டி, பேனாவத் தவிர நான் எதத் தொடுதேன்?”

வார்டே சிரித்தது.

சாயங்காலம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். பேனா விழுந்த இடத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் மூடாத வாய்.

வீட்டுக்கு வந்து ஐந்து தடவை கை கழுவிவிட்டேன். இந்நேரம் போன் செய்தால் டாக்டர் எடுப்பாரா? எடுத்தால் என்ன சொல்ல?

இதை எழுதுவதும் அதே பேனாதான். இப்போதுதான் கவனிக்கிறேன்.