வெறும் வயிற்றில்

தேவராஜ மொஹல்லா
28 டிசம்பர் 2024

அப்பாவுக்கு அபூர்வாவின் நமஸ்காரம்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள்.

நான் நர்ஸானதைப் பற்றி எழுதவில்லை. உங்கள் சர்க்கரை மாத்திரை பற்றி. போன ஏகாதசியன்று உங்களுக்குக் கைநடுக்கம், வியர்வை என்று கீழ்வீட்டு மாதேவி சொன்னாள். விரதம் இருந்துகொண்டு காலை மாத்திரையும் போட்டீர்களாம். அது க்ளிமிபிரைடு. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். எங்கள் வார்டில் "ஊட்ட ஆய்த்தா?", சாப்பாடு ஆயிற்றா என்று கேட்காமல் அதைக் கொடுப்பதில்லை. சாப்பிடவில்லை என்றால் மாத்திரை ட்ரேக்குத் திரும்பும். டாக்டரைக் கூப்பிடுவோம்.

வைகுண்ட ஏகாதசி வருகிறது. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அபூர்வா


சரஸ்வதிபுரம்
3 ஜனவரி 2025

குழந்தை அபூர்வாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கையெழுத்து மோசமாகிவிட்டது. ஊரார் படுக்கையை உதறுகிற கைக்கு அப்படித்தான் வரும்.

ஏகாதசியில் மருந்துக்கு தோஷம் கிடையாது. அதனால் மாத்திரையை விடவில்லை. விரதத்தையும் விடவில்லை. இரண்டிலும் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. டாக்டருக்கு ஏகாதசி தெரியாது. உனக்குத் தெரிந்தும் மறந்துவிட்டது.

மாதேவியை வைத்து வேவு பார்க்காதே. குளிர் அதிகம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

கேசவமூர்த்தி


சரஸ்வதிபுரம்
12 ஜனவரி 2025

அபூர்வாவுக்கு,

ஏகாதசியன்று மத்தியானம் பூஜை அறை வாசலில் சாய்ந்து கிடந்தேனாம். வேஷ்டி நனைந்து போயிருந்ததாம். பேரைக் கேட்டதற்கு நான் வேலை பார்த்த பேங்க் கிளையின் பேரைச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. தெளிந்தபோது வாயெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். வைகுண்ட ஏகாதசியன்று.

ஏன் கொடுத்தாய் என்று மாதேவியைக் கேட்டேன். "அபூர்வாக்கா போன்ல சொல்லி வெச்சிருந்தாங்க சார். முழுங்கற நெனவு இருந்தா சர்க்கரைத் தண்ணி, இல்லேன்னா வாயில ஒண்ணும் ஊத்தாம ஆம்புலன்ஸ்" என்கிறாள்.

என் விரதத்தை உடைக்க ஆள் வைத்திருக்கிறாய். மடத்துக்கு வந்து பிராயச்சித்தம் செய். செய்தது தவறு என்று எழுதிக்கொடு. அதுவரை இந்த வீட்டுப் படி ஏறாதே.

கே.


தேவராஜ மொஹல்லா
16 ஜனவரி 2025

அப்பா,

எழுதித் தரமாட்டேன்.

ஆள் வைத்தது நான்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. மருந்துக்கு தோஷம் இல்லை என்று நீங்களே எழுதினீர்கள். அந்த டம்ளரில் இருந்தது மருந்து. பாவம் என்றால் என் தலையில் இருக்கட்டும். கழுவிக்கொள்ள மடத்துக்கு வரமாட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி அடுத்த ஏகாதசி. மாதேவிக்கு அதையேதான் சொல்லியிருக்கிறேன். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரும் அவளிடம் இருக்கிறது. உங்கள் மாத்திரையை அவள் தொடமாட்டாள். அதை டாக்டரிடம் கேட்க வேண்டியது நீங்கள்.

விரதம் இருங்கள். அது உங்கள் இஷ்டம். நீங்கள் சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை.

கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். என் மேல் கோபமாக இருங்கள். ரொம்ப வருஷம் கோபமாக இருங்கள்.

அபூர்வா