குப்பியைத் தொட்டது நான்தான்

என் குட்டுக்கார அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் அங்கிருந்தே ஒரு குட்டு வைப்பாய். அம்மா இன்று வைத்த ரசத்தில் புளி தூக்கல். நீ இருந்தால், "இதுக்கு என் பாதரசமே தேவலை" என்றிருப்பாய்.

உன் கருவியைப் பற்றி ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் பாதரச ஆவி எவ்வளவு என்று அளக்கும் அதை, இராமநாதபுரம் ஆய்வகத்தில் நீதானே சரிபார்ப்பாய்? மூடிய குப்பிக்குள் ஒரு துளி பாதரசம். குப்பியின் சூடு தெரிந்தால் உள்ளே எவ்வளவு ஆவி என்று கணக்கிடலாம். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்துவாய். அது கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்துவாய்.

நீ சூட்டைக் குறித்துவிட்டுத் திரும்பும் நேரத்தில், சாப்பாடு கொண்டுவந்த நான் குப்பியை உள்ளங்கையில் பொத்துவேன். ஆவி கூடும், கருவி எகிறும். "ஏலே, தொட்டியா?" என்பாய். பல்லைக் காட்டுவேன். ஒரு குட்டு. குப்பி ஆறியதும் முதலிலிருந்து தொடங்குவாய்.

கடைசி முறை காய்ச்சலோடு வந்திருந்தாய். அன்றும் பொத்தினேன், அன்றும் கேட்டாய். "சத்தியமா இல்லக்கா" என்றேன். என் முகத்தையே பார்த்தாய். "அப்ப மிசினுதான் கூடக் காட்டுது" என்று அது காட்டும் அளவைக் குறைத்து வைத்தாய். கருவியை விட்டு என்னை நம்புவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

போன வாரம் தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பழைய காற்றழுத்தமானி உடைந்து பாதரசம் சிந்தியது. சுத்தம் செய்தபின், பிள்ளைகள் வரலாம் என்றது உன் கருவி. மதுரையிலிருந்து வந்த இன்னொன்று கூடாது என்றது. நல்லவேளை, அதுவரை வகுப்பைத் திறக்கவில்லை.

உன் சாமான்களை எடுக்க ஆய்வகம் போனபோது, உன்னோடு வேலை பார்த்த முனீஸ் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், மேலுக்கு முடியாம அந்தப் புள்ளைக்குக் கவனம் தப்பிருச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அக்கா தப்புப் பண்ணலண்ணே. குப்பிய நாந்தான் பொத்துனேன். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

"ஏலே, வெளாடுறியா?"

"இப்ப வெளாடல."

அவர் கருவியின் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "நீயே எழுது" என்றார். உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, திட்டாதே.

கருவியைத் திருத்திவிட்டார்கள், அந்த வகுப்பறையை மறுபடி சுத்தம் செய்கிறார்கள். குறும்பை விடுவேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் என்னை நம்பிக் கேட்கிறவரிடம் இனி உண்மையைத்தான் சொல்வேன். இந்தச் சத்தியத்தை நீ நம்பலாம் அக்கா.

நீ நம்பிய உன் தம்பி