தம்பிக்குக் கிடைத்த வேலை

கிள்ளான், மலேசியா
12.5.1996

அன்புள்ள இன்பமேரிக்கு,

மாதா தயவில் எனக்கு நோய்நொடி இல்லை. உன் முதுகுவலி தேவலையா? ரீனா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

இந்த ஊர்க்காரர் முனியாண்டியை நிறுத்திவிட்டுத்தான் காண்ட்ராக்டர் என்னைச் சேர்த்திருந்தார். பர்மிட் இல்லாதவன் பாதிக் கூலிக்கு வாயை மூடிக்கொண்டு வேலை செய்வான் அல்லவா? போன வாரம் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். உடனே போகச் சொல்லிவிட்டார். பாக்கியைக் கேட்டால் போலீசில் பிடித்துக் கொடுப்பாராம். கவலைப்படாதே, கல் சுமந்த தோளுக்கு ஓய்வுதான்.

உன் தம்பி மரிய ஆனந்த் நல்லபடியாக வந்து சேர்ந்தான். என்னைப் போல அவனும் சுற்றுலா விசாதான். நம் கடிதங்கள் வருகிற மளிகைக் கடையில் என்னைத் தேடிப் பிடித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், துறைமுகத்துக்கிட்டக் கட்டுற மாடிக் கட்டடத்துல வேலை கெடச்சிருச்சு! எவனோ கூலி கூடக் கேட்டானாம், வெரட்டிட்டாக. நான் குடுக்குறதக் குடுங்கன்னுட்டேன். கொட்டகையில அவன் படுத்த மூலையையும் எனக்கே குடுத்துட்டாக. நீங்க எங்குட்டு வேலை பாக்குறீக?"

பக்கத்தில்தான் என்றேன். நீயும் அவனிடம் எதுவும் சொல்லிவிடாதே.

நம் ஊர் கல்லலிலிருந்து யாராவது வந்தால் ஒரு போர்வை கொடுத்துவிடு. ஒரே இடத்தில் படுக்க முடிவதில்லை. கடைக்காரர் கடையைப் பூட்டப் போகிறார், முடிக்கிறேன்.

இன்னொன்று. அந்த மூலையில் கூரை ஒழுகும். கதவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கச் சொல்லி, நீயாக நினைத்து எழுதுவதுபோல அவனுக்கு எழுது. நான் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான்.

உன்
சின்னராஜ்