சோ ரேயின் முதுகில் இருந்த கோடுகள்

அனுப்புநர்
பிளே மே (வயது 38),
6, மேப்பிள் சந்து,
ஹார்லன் ஃபோர்ட், அயோவா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகம்,
ஹார்லன் ஃபோர்ட்.

பொருள்: காய்ச்சலுக்குச் செய்த வைத்தியத்தை அடி என்று கொண்டு என் மகன் சோ ரேயை (வயது 7) பிரித்து வைத்தது – மொழிபெயர்ப்பாளரை மாற்றி மறுபடி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் பர்மாவின் கரென்னி இனத்தவள். தாய்லாந்து எல்லை முகாமில் பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு, அகதியாக இங்கு வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. கணவர் இல்லை. ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். உதவி நிலையம் கொடுத்த கட்டிலுக்கும் குளிர்கோட்டுக்கும் நன்றி. இதை முதலில் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்பீர்கள்.

2. சென்ற மாதம் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. முதுகில் தைலம் தடவி, காசின் விளிம்பால் தேய்த்தேன். தோல் சிவந்து கோடு விழும், நாலு நாளில் மறையும். என் அம்மா எனக்குச் செய்தது. இங்குள்ள எங்கள் பதினோரு வீடுகளிலும் செய்வது. பள்ளியில் சட்டை மாற்றும்போது ஆசிரியை பார்த்திருக்கிறார். அன்று மாலையே அவனை அழைத்துப் போய் வேறொரு குடும்பத்தில் விட்டீர்கள்.

3. விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தக் காசையும் எடுத்துக் காட்டினேன். மொழிபெயர்த்தவர் திரு. பூ ரே (ரே என்பது எங்கள் ஆண்கள் பெயரில் வருவது; அவர் எங்களுக்கு உறவில்லை). எங்கள் மொழிக்கு இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

4. மறுவாரம் மகனைப் பார்க்க அரை மணி நேரம் கொடுத்தீர்கள். அவன் கேட்ட முதல் கேள்வி: "என்னைய அடிச்சேன்னு ஏம்மா சொன்ன?" அம்மா ஒப்புக்கொண்டாள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திரு. பூ ரே அதை உங்கள் அதிகாரிக்கு மொழிபெயர்க்கவில்லை; சிரித்தார். முகாமில் அவர் எங்கள் பகுதித் தலைவர். எங்கள் பங்கு அரிசியை அவர் வெளியே விற்றதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான். அவர் பதவி போயிற்று. மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உங்கள் அலுவலக வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனியே, இப்பப் பேசு பாப்போம்."

5. எங்கள் ஆட்கள் ஒருவரும் எனக்குச் சாட்சி வர மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் வலியையும் டாக்டரிடம் திரு. பூ ரேதானே சொல்ல வேண்டும்? என் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன்; அவனைத்தான் கொண்டுபோய்விட்டீர்கள். வரும் பதினான்காம் தேதி தீர்ப்பானால் ஒரு வருடம் அவன் அங்கேதான் என்கிறார்கள். அதற்குள் வேறு ஊர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியிலாவது வைத்து என்னைக் கேளுங்கள். டாக்டர் முன்னால் என் முதுகிலேயே காசைத் தேய்த்துக் காட்டுகிறேன்.

6. எங்கள் எழுத்து உங்களுக்குத் தெரியாது. இந்த மனுவையும் அவர் கையில்தான் கொடுப்பீர்கள். அதனால்தான் ஒவ்வொரு பத்திக்கும் 1, 2 என்று உங்கள் எண்களைப் போட்டிருக்கிறேன். ஆலையில் விரிப்புக் கட்டுகளின் மேல் இருப்பதைப் பார்த்துக் கற்றது. ஆறு இருக்கின்றன. இந்த வரியை அவர் விட்டுவிட்டாலும் எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அவர் படிக்கப் படிக்க விரல் வைத்து எண்ணி வாருங்கள். நான்காவது எவ்வளவு நீளம், அதை அவர் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்று பாருங்கள்.

எனக்குப் பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். அதையும் அவர்தான் படித்துச் சொல்வார். பையனை அனுப்பி வையுங்கள், எனக்குப் புரியும்.

இடம்: ஹார்லன் ஃபோர்ட்
நாள்: நவம்பர் 5

தங்கள் தயவை நம்பியிருக்கும்,
பிளே மே
(சோ ரேயின் அம்மா)