கைதட்டு வாங்கிக்கொண்டு வந்த கதை

முருகன் துணை

பன்வில,
புதன்கிழமை.

என் பேத்தி யோகராணிக்கு, அம்மாயி வடிவம்மா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இங்க மழை விட்டு விட்டுப் பேயுது. குசினிப் பக்கம் தகரம் ஒழுகுது, அடியில சட்டி வெச்சிருக்கேன். கொழும்புல நேரத்துக்குச் சாப்பிடுறியா? போன்ல கேட்டா "ம்ம், சரி அம்மாயி"ன்னு வெச்சிடுற. நான் சொல்ல வேண்டியது அந்த ரெண்டு நிமிஷத்துல அடங்காது. அதனாலதான் கொப்பித் தாள் கிழிச்சு எழுதுறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தா பொறுத்துக்க. போர்டு எழுதுற முனாப் நானா நாளைக்குப் பெயிண்ட் எடுக்கக் கொழும்பு வர்றாரு. அவர் கையில குடுத்து விடுறேன்.

போன சனிக்கிழமை கண்டி மண்டபத்துல நீ மேடையில இருந்ததப் பத்தித்தான் எழுதணும். கூட்டம் முடிஞ்சதும் நீ அத நடத்தின ஆட்களோட கார்ல ஏறிட்ட. கை காட்டின, அவ்வளவுதான். நாங்க பதினொரு பேரு வேன் பிடிச்சு வந்து கடைசி வரிசையில இருந்தோம். நம்ம பாலம்மா, தன் மக கல்யாணத்துக்குக் கட்டின சீலையக் கட்டிக்கிட்டு வந்தா. கண்காட்சியில நடுவுல மாட்டப் போற, நீ வரைஞ்ச பெரிய படத்துல இருக்கிறது அவ முகமாச்சே.

உங்க பேச்செல்லாம் எனக்கு நல்லா வெளங்கிச்சு. கண்ணாடி போட்ட டீச்சர் ஒவ்வொருத்தரா கேட்டாங்க. மத்தளக்கார ஐயா சிங்களத்துல சொன்னத டீச்சர் தமிழ்ல சொன்னாங்க. கை ஓடாத நாள்ல மத்தளத்த மடியில வெச்சுக்கிட்டு சும்மா இருப்பாராம், அதுவும் வேலைதானாம். வெற்றின்னா என்னன்னு கேட்டதுக்கு, உன்னோட மேடையில இருந்த முனாப் நானா, "நான் எழுதின போர்டப் பாத்து ஆள் கடைக்குள்ள வந்தா வெற்றி. வராட்டி மொதலாளி என்னைய உள்ள விடமாட்டாரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீ சொன்னதுதான் எனக்குப் பெருசு. கொழுந்து எடுக்கிற கை சும்மா இருக்கும்போதும் விரல் மடங்கித்தான் இருக்கும், அதப் பாக்காம கைய வரையக் கூடாதுன்னு சொன்ன. நான் குனிஞ்சு என் கையப் பாத்தேன். மடங்கித்தான் இருந்திச்சு. ஐயோ, எப்படிப் பாத்திருக்கா என் புள்ளன்னு நெஞ்சு பொங்கிப் போச்சு.

அதுக்குப் பெறகுதான் டீச்சர் அதக் கேட்டாங்க. உங்க ஊர் சனம் உங்களுக்கு என்ன ஒத்தாசை செஞ்சிச்சுன்னு. நீ யோசிக்கவே இல்லை. "ஊர்ல யாரும் இல்லை டீச்சர். என் அம்மாயி ஒருத்திதான். தாள் வாங்கித் தந்தது, பிரஷ் வாங்கித் தந்தது எல்லாம் அவதான்"ன்னுட்ட. அம்மாயி வந்திருந்தா கொஞ்சம் எழும்புங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நான் எழும்பினேன் தாயி. மண்டபமே கை தட்டிச்சு. பக்கத்துல பாலம்மாவும் ரெண்டு தடவை தட்டிட்டு கைய மடியில வெச்சுக்கிட்டா.

வேன்ல வரும்போது, கோயில் ஸ்பீக்கர் கட்டுற அழகையாதான், "மண்டபத்துல நல்ல கதிரையா போட்டிருந்தாங்க. நாம பத்துப் பேரும் அதுல பத்துக் கதிரை"ன்னான். ஒருத்தரும் சிரிக்கலை. என்னைய அந்தக் கணக்குல சேக்கலை, பாத்தியா.

ஞாயித்துக்கிழமை தண்ணிப் பீலியில பாலம்மா எனக்கு முன்னால வாளியோட நின்னா. திரும்பிப் பாக்காமலே சொன்னா: "அக்கா, அந்தப் படத்துல இருந்து என் முகத்த எடுத்துறச் சொல்லுங்க. யாரும் இல்லாத ஊர்ல நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?" நான் பாத்துக்கலாம்னு முணுமுணுத்துட்டு, அரை வாளித் தண்ணியோட வந்துட்டேன். கண்காட்சிக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. அந்தப் படம் இல்லாட்டி உனக்கு அங்க இடமே இல்லைன்னு நீதான் சொன்ன.

நேத்து முனாப் நானா வந்தாரு. தேத்தண்ணி குடுத்தேன், குடிக்கலை. "அக்கா, புள்ள பொய் சொல்லல்ல. அதுக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லிச்சு. அந்த பிரஷ நான் தந்தேன்னு நீங்க ஏன் சொல்லல்ல?"ன்னு கேட்டாரு. நான் ஆறிப்போன தேத்தண்ணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

இப்ப உனக்குச் சொல்றேன். அந்த பிரஷ் கட்டு மடவளையில நானா வீட்டுல இருந்து வந்தது. கண்டிக் கடையில வாங்கினேன்னு நான் சொன்னது பொய். ஒரு பக்கம் அச்சடிச்ச தாள் வருமே, அது தோட்ட ஆபிஸ் கூட்டுற பாலம்மா கிளாக்கர் ஐயாகிட்டக் கேட்டு வாங்கினது. மழைக்கு நனையாம சீலைக்குள்ள சுத்திக்கிட்டு வருவா. நான்தான் உன் கையில குடுப்பேன். உன் சோதனை வருசம், நீ படிக்கணும்னு, கோயில் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர ஆத்துப் பக்கம் திருப்பிக் கட்டினது அழகையா. மேல் லயத்துக்காரன் பாட்டுக் கேக்கலைன்னு அவன்கூட மல்லுக்கு நின்னான். நீ கண்டி பஸ் பிடிக்கிற நாள்ல பீலியில எல்லாரும் உனக்கு வழி விட்டாங்க. நீ அதுதான் வழக்கம்னு நெனச்சிருப்ப.

உன் அம்மா குவைத்துக்குப் போன வாரம், தாய் விட்டுட்டுப் போன பொட்டப்புள்ள எங்க உருப்படப் போகுதுன்னு பீலியில ஒரு வாய் பேசிச்சு. யாருன்னு இப்ப வேணாம். அன்னைக்குப் பிடிச்ச வீம்பு. என் பேத்திய நான் ஒருத்தியே வளத்தேன்னு ஒரு நாள் அந்த வாய் கேக்கணும்னு நெனச்சேன். அதுக்காக உன்கிட்டயும், "நமக்கு யாரும் இல்லை தாயி, உனக்கு நான், எனக்கு நீ"ன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். நீ மேடையில சொன்னது என் வாய்ப் பேச்சு. கை தட்டினதும் எனக்கு. அத வாங்கிக்கிட்டு வந்ததுல இருந்து சோறு எறங்கலை.

ரெண்டு நாளா பாலம்மா வாசலுக்கு மூணு தடவை போனேன். ஒரு தடவை உப்புக் கேட்டேன், ஒரு தடவை அவ ஆட்டுக்குத் தழை இருக்கான்னு கேட்டேன். மூணாந்தடவை ஒண்ணும் கேக்கத் தோணாம திரும்பிட்டேன். இந்தத் தாள மடிச்சுட்டு மறுபடி போறேன். எது எது நான் மறைச்சேன்னு நானே சொல்லிர்றேன். அது என் வேலை, உன் தலையில கட்டமாட்டேன்.

உன் வேலை ஒண்ணு இருக்கு. கண்காட்சிக் கார்டு ஒரு கட்டு மேட்டுக் கடையில வெச்சிட்டுப் போயிருக்க. எடுக்கிறவங்க எடுத்துக்கட்டும்னு. ஒருத்தரும் எடுக்கலை, நான் எண்ணிப் பாத்தேன். நம்ம சனத்த அப்படிக் கூப்பிட முடியுமா? காது குத்துன்னாக்கூட தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு வாசல் வாசலாப் போய் நிக்கிறவங்க நாம. ஞாயித்துக்கிழமை வா. தட்டு நான் எடுத்து வெக்கிறேன். நீயே கையில ஏந்திப் போ. மொதல்ல பாலம்மா வாசல். அவ வெத்தலைய எடுத்தா படம் இருக்கட்டும். எடுக்காட்டி, படம் எவ்வளவு பெருசா இருந்தாலும் கழட்டிரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இதப் படிச்சிட்டு உனக்கு என் மேல கோவம் வரும். வரணும். இத்தனை வருசம் உன்கிட்டப் பொய் சொன்னவ நான். போன எடுக்காம இருந்தாலும் இரு. ஆனா வராம இருந்துராத. உன் கையும் கண்ணும் நூறு வருசத்துக்கு நல்லா இருக்கணும், நாலு சனத்துக்கு நடுவுல இருக்கணும். கோவத்தோடயே வா தாயி.

உன் அம்மாயி
வடிவம்மா