மக்கள் பக்கம் திரும்பிய திரை

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல், புதிதாக வந்திருந்த கணினிப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

குடவாசல் தாலுகா ஆபீசில் நாம் சேர்ந்த புதிதில் வந்த முதல் கணினிக்கும் இதே வாசனைதான். அதைப் பின்னறையில் பூட்டி வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். முகம் தெரியாத யார் யாருடைய பட்டாவையோ நாள் முழுக்கத் தட்டினோம். பிழைகள் குவிந்தன, மெமோவும் குவிந்தது. பயிற்சி போதவில்லை என்றார்கள், பிறகு பொறுப்பே இல்லை என்றார்கள். உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த கணினியில் முன்பே பழகியிருந்த உனக்கும் அதே மெமோ.

தாசில்தார் விடுப்பில் இருந்த ஒருநாள், "பிடிடி அந்தப் பக்கம்" என்றாய். கணினியோடு மேசையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி முன்கூடத்தில் போட்டோம். நீ திரையை மக்கள் பக்கம் திருப்பினாய். தலைமை எழுத்தர் ஓடி வந்தார்.

"என்னம்மா, சினிமாக் கொட்டகையா நடத்துறீங்க?"

"ஆமா சார். டிக்கெட் கிடையாது, நீங்களும் உக்காருங்க."

முதலில் வந்த விவசாயி திரையை உற்றுப் பார்த்தார். "வாய்க்காலுக்கு வடக்கால உள்ள வயலு என் தம்பியோடதும்மா. எம்பேருல போட்டுறாதீங்க, வீட்டுல வெட்டுக்குத்தாயிரும்." அங்கேயே திருத்தினோம். அன்று சாயங்காலம் நேரம் முடிந்த பிறகும் யாரும் சொல்லாமலே நான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பஸ்ஸில் நீ சொன்னாய்: "யாருக்காக அடிக்கிறோம்னு மூஞ்சி தெரிஞ்சா வெரலு தானா ஓடும்டி."

நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. திருத்துறைப்பூண்டியில் இப்போது நான் தாசில்தார். உனக்குச் சிரிப்பு வரும். இங்கே பின்னறையில் தட்டும் நான்கு ஒப்பந்தப் பிள்ளைகளின் வேலை மந்தம் என்கிறது மாவட்ட அலுவலகம். சம்பா அறுவடைக்குள் தேறாவிட்டால் அவர்களை அனுப்பிவிட்டு வேலையைத் தனியாரிடம் கொடுத்துவிடுவார்கள். கண்காணிக்கக் கேமரா வைக்கலாம், வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்கலாம் என்று யோசனைகள் வருகின்றன. மக்களை நேரில் பார்க்கும் முன்கூடத்து இருக்கையோ தண்டனை இருக்கை என்று பெயரெடுத்துக் காலியாகக் கிடக்கிறது.

பிரித்த கணினியை இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. நாளைக் காலை அந்தப் பிள்ளைகளின் மேசைகளோடு என் மேசையும் முன்கூடத்துக்குப் போகிறது. அந்த நால்வருக்கு நடுவில் நானும் உட்காரப் போகிறேன், இந்தப் புதுக் கணினியின் திரை மக்கள் பக்கம். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மேசையின் ஒரு முனையை நான்தான் பிடிப்பேன்.